தலைப்பாகை முதல் பிசினஸ் கேஷுவல் வரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். அலுவலகத்துக்குப் போகும் நம்மவர்கள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் என்ன உடுத்தினார்கள், யார் சொல்லி உடுத்தினார்கள், எதை விட்டார்கள், எதை விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னை இதை எழுதத் தூண்டியவை இரண்டே சொற்கள்: ‘பிசினஸ் கேஷுவல்’. நம் சங்கத்துப் பிள்ளைகள் வேலையில் சேரும்போது கம்பெனியிலிருந்து வரும் தாளில் இப்படி ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பெற்றோர் என்னிடம் கேட்பார்கள்: “சார், இதுக்கு டை கட்டணுமா, வேண்டாமா? சேலை கட்டிண்டு போலாமா?” கேள்வி நியாயமானதுதான். முதல் சொல் ‘முறையாக வா’ என்கிறது. அடுத்த சொல் ‘இயல்பாக வா’ என்கிறது. ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்வது?

சுருக்கமான பதில் இதுதான். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, இஸ்திரி போட்ட பருத்திப் பேண்ட், மூடிய ஷூ. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், குர்த்தா, அல்லது பேண்டும் சட்டையும். கோட்டும் டையும் தேவையில்லை. கிழிந்த ஜீன்ஸும் ரப்பர் செருப்பும் ஆகாது. ஆனால் இந்தச் சுருக்கமான பதிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

செருப்பும் தலைப்பாகையும்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் அலுவலகத்தில் எழுந்த முதல் உடைத் தகராறு சட்டையைப் பற்றியதல்ல, செருப்பைப் பற்றியது. வெள்ளைக்காரர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவார். காலில் ஷூ இருக்கும். நம்மவர் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றுவார்; தலைப்பாகை தலையிலேயே இருக்கும். தலைப்பாகையைக் கழற்றுவது நமக்கு அவமானம். இரண்டு மரபும் ஒரே அறையில் சந்தித்தால் என்ன ஆகும்?

1823 முதல் 1828 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹர்ஸ்ட், தம் முன் வரும் இந்தியர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். 1830ல் கம்பெனி தன் ஐரோப்பிய அதிகாரிகள் அரசு நிகழ்ச்சிகளில் இந்திய உடை அணியக்கூடாது என்று தடை போட்டது. ஆக, அவரவர் உடை அவரவருக்கு. ஆனால் மரியாதையின் அளவுகோல் மட்டும் ஆட்சியாளர் கையில்.

1862ல் சூரத் நீதிமன்றத்தில் இது வெடித்தது. அங்கே அசெஸராகப் பணியாற்றிய மானெக்ஜி கோவாஸ்ஜி எண்டி என்ற பார்சிக்காரர், செஷன்ஸ் நீதிபதி முன் ஷூவைக் கழற்ற மறுத்தார். மேலதிகாரி முன் கழற்றுவதுதான் உங்கள் நாட்டு வழக்கம் என்றார் நீதிபதி. மானெக்ஜி மசியவில்லை. உள்ளே விடமாட்டேன் என்றார்கள். அவர் பம்பாய் கவர்னருக்கே கண்டனக் கடிதம் எழுதினார். கோயிலிலும் வீட்டிலும் செருப்பைக் கழற்றுகிறோம், அலுவலகம் கோயிலும் அல்ல, வீடும் அல்ல என்பது அன்றைய இந்தியர்களின் வாதம். நல்ல வாதம் என்றே நினைக்கிறேன்.

1893ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நீதிமன்றத்தில் இளம் வக்கீல் காந்தியிடம் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டதும் இதே வரிசையில் வருவதுதான்.

மேலே கோட்டு, கீழே வேட்டி

நம் தாத்தாக்கள் ஒரு சமரசம் கண்டார்கள். மேலே மூடிய கழுத்துக் கோட்டு, தோளில் அங்கவஸ்திரம், தலையில் தலைப்பாகை, கீழே வேட்டி. பழைய குரூப் போட்டோக்களில் இந்தக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது: மேஜைக்கு மேலே தெரிவது துரைக்கு, மேஜைக்குக் கீழே இருப்பது நமக்கு!

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். குமாஸ்தாவாக இருந்தவரை குடுமிக்கு ஆபத்து வரவில்லை. 1914 மார்ச் 17ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால்தான் அதை எடுத்தார்கள். மேல்நாட்டு உடையும் வந்தது. கேம்பிரிட்ஜில் ஷூ காலைக் கடிக்க, செருப்பு போட்டுக்கொண்டு நடந்தார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். உலகமே வியந்த மூளைக்கும் உடை விஷயத்தில் சலுகை கிடையாது.

சி.வி. ராமன் கதை வேறு மாதிரி. 1907ல், இருபது வயதுகூட ஆகாத நிலையில், கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் பணியேற்றார். அதாவது நம்மைப் போல வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போன தமிழர். பகலில் கணக்கு அலுவலகம், காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் ஆராய்ச்சி. கோட்டும் டையும் ஏற்றுக்கொண்டார், தலைப்பாகையை மட்டும் விடவில்லை. 1930ல் நோபல் பரிசு வாங்கிய காலத்துப் படங்களிலும் அது தலையில் இருக்கிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

மதுரையில் ஒரு முடிவு

இந்தச் சமரசத்தை ஒரே நாளில் தலைகீழாக்கியவர் காந்தி. ஊர் நம் மதுரை. 1921 செப்டம்பர் 22. அந்நியத் துணியை எரித்துவிட்டுக் கதர் வாங்க எங்களுக்கு ஏது காசு என்று ஏழைகள் கேட்டார்கள். மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, அன்று காலை முழங்கால் அளவு துணியோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு 1931ல் லண்டனில் அரசரைச் சந்தித்தபோதும் அதே உடைதான்.

அலுவலக உடையோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதுவரை பெரிய மனிதர் என்றால் அதிகம் உடுத்துபவர். அன்றைக்குப் பிறகு, குறைவாக, எளிமையாக உடுத்தியவரும் மேசைக்கு எதிரே சமமாக உட்காரலாம் என்று ஆயிற்று. சுதந்திர இந்தியாவில் ராஜாஜி வேட்டியோடு கவர்னர் ஜெனரல் மாளிகையில் இருந்ததற்கும், காமராஜர் வேட்டி சட்டையோடு கோட்டையில் கோப்பு பார்த்ததற்கும் அந்த மதுரைக் காலைப்பொழுதுதான் வழி விட்டது.

பம்பாய் நாட்கள்

ஆனால் புலம்பெயர்ந்த நமக்கு அந்தச் சலுகை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தாதர் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய தலைமுறை அது. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். இரண்டு பேண்ட், மூன்று வெள்ளைச் சட்டை. மாட்டுங்காவில் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தது. ராத்திரி துவைத்து, காலையில் இஸ்திரி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதை அப்பா சொல்லித் தரவில்லை, செய்து காட்டினார். ஆபீஸிலிருந்து வந்ததும் முதல் வேலை வேட்டிக்கு மாறுவது. வேட்டி கட்டிய பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

1966க்குப் பிறகு சில ஆண்டுகள், இந்த ஊரில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கோஷத்தில் லுங்கி என்ற சொல்தான் நடுவில் நின்றது. நம் உடையே நமக்கு வசைப்பெயர் ஆயிற்று. அந்த நாட்களில் அப்பா வேட்டியோடு மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே நிறுத்தினார். பேண்ட் அவருக்குச் சம்பளத்துக்கான உடையாக இருந்தது போய், பாதுகாப்புக்கான உடையாகவும் ஆனது. காலம் மாறிவிட்டது, இன்று இதே தெருக்களில் பொங்கலன்று வேட்டி கட்டிக்கொண்டு ஊர்வலமாகவே போகிறோம். ஆனாலும் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை வந்த விதம்

இனி ‘பிசினஸ் கேஷுவல்’ பிறந்த கதை. ஹவாய்த் தீவில் வெயில் அதிகம். அங்கே கோட்டு போட்டு அவதிப்படுவானேன் என்று 1960களில் உள்ளூர் ஆடைத் தயாரிப்பாளர்கள் இயக்கம் நடத்தினார்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பூப்போட்ட சட்டைகளை அனுப்பி வைத்தார்கள். 1966 வாக்கில் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சட்டை அணியும் வழக்கம் பிறந்தது. வியாபாரமும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை!

அந்த வெள்ளிக்கிழமை பிறகு அமெரிக்கக் கரையேறியது. அலுவலகங்கள் குழம்பின, எதுவரை இயல்பு, எது அலங்கோலம்? 1992ல் லீவைஸ் கம்பெனி இதற்கென்றே ஒரு கையேடு அச்சடித்து, சுமார் 25,000 பணியாளர் துறை மேலாளர்களுக்கு அனுப்பியது. கையேட்டில் இருந்தவை பெரும்பாலும் அவர்கள் விற்ற காக்கிப் பேண்ட் போன்றவைதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு வரும் விதிகளின் மூதாதை அது என்று சொல்லலாம்.

இதை அமெரிக்க உடை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. காக்கி என்பது தூசி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 1840களின் இறுதியில் பெஷாவர் பகுதியில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய ‘கைட்ஸ்’ படைதான் அதை முதலில் சீருடையாக்கியது. அமெரிக்கர்கள் கோடையில் விரும்பி அணியும் கட்டம் போட்ட சட்டைக்குப் பெயரே ‘மெட்ராஸ்’. சோழமண்டலக் கரையில் நம் நெசவாளிகள் நெய்து, கப்பலில் ஆப்பிரிக்கா வரை போன கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிதான் அதன் முன்னோடி. ஆக, இந்த உடையில் இழை நம்முடையது; வெட்டும் தையலும்தான் அவர்களுடையது.

இந்தியாவுக்கு வெள்ளிக்கிழமை உடையை விளம்பரம் செய்து கொண்டுவந்தது 1993ல் இங்கே அறிமுகமான ஆலன் சாலி. பெயர் ஆங்கிலம், கொண்டுவந்த கம்பெனி மதுரா கார்மெண்ட்ஸ். ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில்லின் வழியில் வந்த பெயர் அது. சட்டையைத் துறந்த மதுரையின் பெயரே புதுச் சட்டைக்கும் முன்னால் வந்து நின்றது! பிறகு மென்பொருள் கம்பெனிகள் வளர்ந்தன. 2015 ஜூன் மாதம் இன்போசிஸ், வாரம் முழுவதும் பிசினஸ் கேஷுவல் அணியலாம் என்று தளர்த்தியது.

வேட்டிக்கு ஒரு சட்டம்

இத்தனைக்கும் பிறகு 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தலைநகரிலேயே இப்படியா என்று நாம் இங்கே இருந்து அங்கலாய்த்தோம். ஆகஸ்டிலேயே தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது: பொது இடங்களில் வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். 2019ல் தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவில் ஆண்களுக்குப் பேண்ட் சட்டையோடு வேட்டியும், பெண்களுக்குப் புடவையோடு துப்பட்டாவுடன் கூடிய சல்வார் கமீஸும் இடம்பெற்றன.

அதே 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது, பெங்களூரில் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக மகிழ்ந்து நின்ற இஸ்ரோ பெண் ஊழியர்களின் படம் உலகெங்கும் போயிற்று. அலுவலக உடை என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நன்றாக உடுத்துவது என்றால்

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விலை முக்கியமில்லை, அளவு முக்கியம். தோள்பட்டைத் தையல் தோளில் உட்கார வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சியது இல்லை. முதல் வாரம் கொஞ்சம் கூடுதலாகவே உடுத்திப் போங்கள். மற்றவர்களைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். பொட்டு, விபூதி, பூ இவற்றை வைப்பதும் விடுவதும் உங்கள் முடிவாக இருக்கட்டும், பயத்தின் முடிவாக இருக்கக்கூடாது.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நாம் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றோம். இன்று நம்மில் பலர் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறோம். தாராவியிலிருந்தோ, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக ஒரு பையன் இன்டர்வியூவுக்கு வருவான். சட்டை இரவல் வாங்கியதாக இருக்கும். காலில் செருப்புதான் இருக்கும். அவன் காலைப் பார்த்து மதிப்பெண் போட்டால், சூரத்தில் உட்கார்ந்திருந்த அந்த நீதிபதிக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? அவனுக்கு ஷூ வாங்க முதல் மாதச் சம்பளம் போதும். அதை அவனுக்குக் கிடைக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.