சர்நேம் கணக்கும் நம்மவர் பெயரும்

தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து குடியேறிய எவருக்கும் "சர்நேம் என்ன?" என்ற கேள்வி புதிதல்ல. பள்ளிக்கூட விண்ணப்பம், கேஸ் இணைப்பு, பாஸ்போர்ட் என்று எதை எடுத்தாலும் அந்தக் கட்டம் வந்து நிற்கும். ஒருவர் அப்பா பேரை எழுதுவார், இன்னொருவர் ஊர்ப் பேரை எழுதுவார், மூன்றாமவர் கோடு போட்டுவிட்டு வந்துவிடுவார். ஆராய்ச்சி இதழ்களைப் பட்டியலிடும் நூலக வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் தனி அக்கறை உண்டு. ஏனென்றால், ஆராய்ச்சியாளர்கள் எந்த நாட்டு வம்சாவளியினர் என்பதை அதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கின் வரலாறு நம்மையும் தொடுகிறது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அந்நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1790-ல் எடுக்கப்பட்டது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் இருந்தது. பூர்வீகம் என்ன என்ற கேள்வி இல்லை. 1909-ல் கணக்கெடுப்பு அலுவலகம் அந்தப் பழைய ஏடுகளைப் புரட்டி, பெயர்களை வைத்தே பூர்வீகத்தைப் பிரித்தது. வெள்ளையரில் 82 சதவீதம் ஆங்கிலேயர் என்று விடை வந்தது. ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மிட், ஸ்மித் ஆகியிருந்தார். ம்யுல்லர், மில்லர் ஆகியிருந்தார். அவர்களெல்லாம் ஆங்கிலேயர் கணக்கில் சேர்ந்துபோனார்கள்.

படிப்பாளிகளின் சண்டை என்று இதை விட்டிருக்கலாம். ஆனால் 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்பதை அமெரிக்க மக்களின் பூர்வீக விகிதப்படி தீர்மானிக்கச் சொன்னது. அதற்கு 1790-லிருந்து கணக்குத் தொடங்க வேண்டும். 1909-ன் கணக்கை நம்ப முடியாது என்று குரல் எழுந்ததும், ஹோவர்ட் பார்க்கர் என்ற வம்சாவளி ஆய்வாளரும் மார்கஸ் ஹான்சன் என்ற வரலாற்றாசிரியரும் கணக்கை மறுபடி போட்டார்கள். பார்க்கரின் வழி புத்திசாலித்தனமானது. ஒவ்வொரு பெயரையும் 'இது எந்த நாடு?' என்று அவர் கேட்கவில்லை. ஒரு நாட்டுக்கே உரிய சில பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவை சொந்த நாட்டில் நூற்றுக்கு எத்தனை, அமெரிக்காவில் எத்தனை என்று ஒப்பிட்டு மொத்தத்தை ஊகித்தார். ஒரு பிடி சோற்றைப் பார்த்துப் பானையைச் சொல்வது மாதிரி. 82 சதவீதம் சுமார் 60-க்கு இறங்கியது. அவர்களுடைய முழு அறிக்கை 1932-ல் அச்சாயிற்று.

பூர்வீகக் கணக்குப்படி அமைந்த ஒதுக்கீடு 1929 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் ஆண்டு ஒதுக்கீடு 34,007-லிருந்து 65,721 ஆக உயர்ந்தது. ஜெர்மனிக்கு 51,227-லிருந்து 25,957 ஆகக் குறைந்தது. நமக்கோ கணக்கே இல்லை. 1917 சட்டம் இந்தியர்களை வாசலிலேயே நிறுத்தியிருந்தது. 1946-ல்தான் ஆண்டுக்கு 100 பேர் என்று கதவு கொஞ்சம் திறந்தது. 1965-ல் இந்தப் பூர்வீக ஒதுக்கீட்டு முறையை நீக்கச் சட்டம் வந்த பிறகே நம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் பெருவாரியாகப் போனார்கள்.

போனவர்கள் எத்தனை பேர், என்ன கண்டுபிடித்தார்கள்? காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்குமே தவிர பூர்வீகம் இருக்காது. ஆக மறுபடியும் பெயர்தான் கதி! ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் கெர் என்ற பொருளாதார அறிஞர், விளம்பரக் கம்பெனிகள் வாடிக்கையாளரை இனம் பிரிக்க வைத்திருந்த பெயர்ப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினார். அமெரிக்கக் காப்புரிமைக் கண்டுபிடிப்பாளர்களைச் சீனர், இந்தியர், கொரியர், ரஷ்யர் என்று பிரித்து 2008-ல் கட்டுரைகள் வெளியிட்டார். ரிச்சர்ட் ஃப்ரீமன், வெய் ஹுவாங் இருவரும் அதே வழியில் 1985 முதல் 2008 வரையிலான 25 லட்சம் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தார்கள். ஒரே இனத்தவர் சேர்ந்து எழுதுவது எதேச்சையாக எதிர்பார்ப்பதைவிட அதிகம், ஆனால் பல இனத்தவர் சேர்ந்து எழுதிய கட்டுரைகளே அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றன என்று கண்டார்கள். பெயர்க் கணக்கு இல்லாமல் இதைக் கண்டிருக்க முடியாது. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை.

இந்தக் கணக்கு கூட்டத்துக்குப் பொருந்தும், தனி ஆளுக்குப் பொருந்தாது. லீ என்பவர் சீனராக இருக்கலாம், கொரியராக இருக்கலாம், வெர்ஜினியா வெள்ளையராகவும் இருக்கலாம். கில் பஞ்சாபிலும் உண்டு, ஸ்காட்லாந்திலும் உண்டு. ராய் வங்காளத்திலும் உண்டு, பிரான்சிலும் உண்டு. நம்மவர் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. பட்டேல் என்ற ஒரே பெயரைப் பட்டியலில் சேர்த்தால் லட்சக்கணக்கான குஜராத்திகள் கணக்கில் வந்துவிடுவார்கள். தமிழனுக்கு அப்படி ஒரு பொதுப் பெயர் கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் புதுப் பெயர், ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் பேர். அடிக்கடி வரும் பெயர்களை வைத்துச் செய்த பட்டியலில் அன்பரசனும் கயல்விழியும் எங்கே இருக்கப் போகிறார்கள்?

ஒரே குடும்பத்தைப் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமனின் தந்தை சந்திரசேகர ஐயர். மகனுக்கு இட்ட பெயர் வேங்கடராமன், அதையே 'வி. இராமன்' என்று இரண்டாக உடைத்து எழுதினார். அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர், தாத்தாவின் பெயர் அவருக்கு. அவருக்கும் 1983-ல் நோபல் கிடைத்தது. இராமனின் மகன் வானியலாளர் வி. ராதாகிருஷ்ணன். இராமன், சந்திரசேகர், ராதாகிருஷ்ணன் என்று கணினிக்கு மூன்று குடும்பங்கள்! இவர்களையாவது இந்தியர் என்று அது கண்டுகொள்ளும். 1530-களில் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைக் குடும்பத்தில் பிறந்த ஒரு ஃபெர்னாண்டோ? அவர் ஐபீரியர் கணக்கில் போவார். நாகர்கோவில் சாமுவேல் ஆங்கிலேயராவார். ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்ற பெயரில் பூட்டனார், பாட்டனார், தகப்பனார் மூவரும் இருக்கிறார்கள், குடும்பப்பெயர்தான் இல்லை. ஆக, கணக்கில் விடுபடுவது எல்லோருக்கும் சமமாக நடப்பதில்லை. நம்மிலேயே சில சமூகத்தார் அதிகம் விடுபடுகிறார்கள். 'இந்திய விஞ்ஞானிகள்' என்று வரும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்தச் சிக்கலைக் கணினிக்கு முன்பே சந்தித்தவர் சீர்காழி இராமாமிருதம் இரங்கநாதன். 'எஸ்.ஆர்.' என்ற அவருடைய இனிஷியலில் முதலாவது சீர்காழிதான், ஆங்கிலேயர் வாயில் 'ஷியாலி' ஆனது. 1947 முதல் சில ஆண்டுகள் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1934-ல் முதலில் வெளிவந்த தம் பட்டியலிடும் விதிநூலில் தென்னிந்தியப் பெயருக்குத் தனி விதி வைத்தார். கடைசிச் சொல் சாதியை மட்டும் குறித்து, அதற்கு முந்தைய சொல் முழுதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். சந்திரசேகர ஐயரை 'ஐயர்' என்று பிரித்துத் தூக்கிப் போடக் கூடாது. வேலையில் சேர்ந்த புதிதில் இதை மனப்பாடம் செய்தேன். மேல்நாட்டுத் தரவுத்தளங்கள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இப்போது ஆராய்ச்சிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேடு இரட்டை. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துக் கொடுக்கிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. சிலருக்கு அதுவே பெயராகி ஆய்வுக் கட்டுரையிலும் ஏறிவிடுகிறது. 2012-ல் தொடங்கிய 'ஆர்கிட்' என்ற 16 இலக்க எண் இதற்கு ஓரளவு மருந்து, இலவசமாகவே கிடைக்கிறது. முதல் கட்டுரை அச்சாகும் முன்பே பெயரை ஒரே மாதிரி எழுதுவதென்று முடிவு செய்து, அந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.