கடற்கரைச் சாலையிலே நால்வர்

இலக்கியத் தொடரிலே ஒரு வீதியைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். புகார் நகரத்து வீதிகளைக் காவியத்திலே வைத்த இளங்கோவடிகளின் மொழியல்லவா நம்முடையது? நான் சொல்லவந்த வீதி சென்னைக் கடற்கரைச் சாலை. இன்று அதற்குக் காமராசர் சாலை என்று பெயர்.

மேற்கே கட்டடங்கள், கிழக்கே சிலைகள், அதற்கப்பால் மணலும் கடலும். ஆர்க்காட்டு நவாப் வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் எழுப்பிய சேப்பாக்கம் மாளிகையை இந்தோ-சாரசனிக் பாணியின் முன்னோடி என்பர். ஒரு நூற்றாண்டின் பின் சிசோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மாநிலக் கல்லூரியையும், 1874 முதல் 1879 வரை பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தையும் அமைத்தார். செனட் மண்டபத்தின் மூலைக் கோபுரங்களிலே குமிழ்மாடங்கள்; உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். கடலோர உலாச்சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப்; அது 1880களில்.

சிலைகளிற் பெரும்பாலானவை 1968 சனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்தவை. வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., கண்ணகி ஆகியோருடன் கடல்கடந்து வந்த வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவரும் நிற்கின்றனர். இத்தாலியருக்கும் ஐரிஷ்காரருக்கும் இடங்கொடுத்த பெருந்தன்மை மெச்சத்தக்கதே. ஆனால் அம்மாநாடுகளின் மூலவரான தனிநாயகம் அடிகள் ஈழத்தவர். அந்தப் பத்துப் பேரில் ஈழத்தவர் ஒருவரும் இல்லை. நாவலருக்குமா இடமில்லை? இந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை.

2003இல், பாட்டனாரின் ஊரைத் தேடித் திருச்சிப் பக்கம் போனவன் சென்னைக்கும் போனேன். சிலப்பதிகாரம் படித்த இளைஞனல்லவா, முதலிலே தேடியது கண்ணகியை. அங்கே கண்ணகி இல்லை! 2001 டிசம்பரில் லொறியொன்று பீடத்தில் மோதியதைத் தொடர்ந்து சிலையை அகற்றிவிட்டார்களாம். (2006 சூனில் மீண்டும் நிறுவினர்.) நம் நாட்டிலே சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமாய்க் கும்பிடும் ஒருத்திக்கு, தமிழகத்து வீதியிலே அன்று இடமில்லாமற் போயிருந்தது.

ஏமாற்றத்தோடு வடக்கே நடந்தபோதுதான் அந்த நால்வரைக் கண்டேன். உழைப்பாளர் சிலை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தச் சென்னைக் கடற்கரையிலேதான். இடையிலே துணி மட்டும் கட்டிய நான்கு பேர் பெரும் பாறையொன்றை நெம்புகின்றனர். முதுகு நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. வீதியெங்கும் நிற்பவர்களுக்குப் பெயருண்டு, இவர்களுக்குப் பெயரில்லை. கல்லூரிக் காவற்காரர் ஒருவர் மாதிரியாக நின்றார் என்பார்கள்.

அதன் படமொன்றை வாங்கிவந்து மீரியபெத்தவில் அப்பாயியிடம் காட்டினேன். கண்ணுக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஆளுகதான். அலவாங்கு இல்லாம தடிய வச்சா பொறட்டுறாங்க? கல்லு உருண்டா கால நசுக்கிப்புடுமே!"

காடு வெட்டி, கல் புரட்டித் தேயிலை நட்டவர்களின் பேத்தி அவர். பேரப்பிள்ளைகள் யார் வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டி, ஒருவனைத் தன் தகப்பன் சாடை என்பார். கம்பரையும் வள்ளுவரையும் எடுத்துச் சொன்னேன்; தலையாட்டிவிட்டு மறுபடியும் அந்த நால்வரிடமே வந்துவிடுவார்.

அவர் காலமான பின்னும் படம் லயத்துச் சுவரிலேயே தொங்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து மீரியபெத்த லயங்களை மூடியது. எங்கள் காம்பராவும் அந்தச் சுவரும் மண்ணுக்குள்ளே போயின. அயலவர் பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. தோண்ட வந்தவர்கள் கையிலே அலவாங்கு இருந்தது.