மனச்சோர்வும் நினைவாற்றலும்

மனச்சோர்வு நோயில் கவனமும், செய்திகளைப் பதித்து மீட்கும் திறனும் தளர்வதால் ஏற்படும் மறதி. அறிதிறன் குறைபாடுகளுள் ஒன்று. கசப்பானவை எளிதில் நினைவுக்கு வரும். சொந்த வாழ்வின் நினைவுகள் பொதுப்படையாகிவிடும். மகிழ்ந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால், எட்டயபுரத்து நோயாளி ஒருவர் குறிப்பிட்ட ஓர் இரவைச் சொல்லாமல் ‘கோயில் கொடைக்குப் போவோம்’ என்று நிறுத்திவிடக்கூடும். இப்போக்கை ஆய்வாளர்கள் வில்லியம்ஸ், பிராட்பென்ட் இருவரும் 1986-இல் விவரித்தனர்.

முதியோரிடம் இம்மறதி முதுமை மறதிநோயாகத் தோன்றுவதை 1961-இல் மனநல மருத்துவர் கிலோ ‘போலி மறதிநோய்’ என்றார். மனச்சோர்வுற்றவர் பெரும்பாலும் ‘தெரியல’ என்று தம் மறதியைத் தாமே முறையிடுவார், மறதிநோயாளி மழுப்புவார். ‘வயசாயிட்டு’ என வீட்டார் விட்டுவிடுவதால் சிகிச்சை தாமதமாகிறது. சோர்வு தணிந்தால் நினைவு பெரும்பாலும் மேம்படும். சிலருக்குக் குறை எஞ்சும். தொலைபேசி ஆலோசனைக்கு: டெலி மானஸ், 14416.