கோட்டுக்கு நடை பயிற்றிய ஆசான் ராம் மோகன்

கலை வரலாறு படைத்தவரை நினைவில் வைத்துக்கொள்ளும்; பயிற்றியவரைப் பெரும்பாலும் மறந்துவிடும். படைத்தவரும் பயிற்றியவரும் ஒருவரேயாயின், அவருடைய படைப்புகளின் பட்டியலைத் தந்து, பயிற்சியை ஒரு வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். 'இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை' என்று போற்றப்படும் ராம் மோகனின் (1931-2019) வாழ்க்கையை அவ்வாறு எழுதினால் அதன் உட்பொருள் நழுவிப்போகும். அவர் வரைந்தவற்றுக்கும் கற்பித்தவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது. பிறர் வகுத்த கருவியைக் கைக்கொண்டு நம் மனிதரை நம் நடையில் நடக்கவைக்க முடியுமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர் ராம் மோகன். 1956-இல் மும்பையில், மைய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ட்டூன் படப் பிரிவில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டிய இளைஞர் வரைபலகைக்கு வந்தார்.

அந்த வேலையின் கடுமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைத்தாலும் நொடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். பத்து நிமிடப் படத்துக்கு 7,200 சித்திரங்கள். ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து மயிரிழை விலகியிருக்க வேண்டும். விலகல் மிகுந்தால் உருவம் துள்ளும், குறைந்தால் உறைந்து நிற்கும். கருத்துப்பட ஓவியர் ஒரே கோட்டில் சிரிப்பை மூட்டிவிட்டு ஓய்ந்துவிடலாம். அசைவூட்டுபவரோ அந்தக் கோடு அடுத்து எங்கே போகும் என்பதையும் அறிந்தாக வேண்டும்.

இதைக் கற்பிக்க, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் வால்ட் டிஸ்னி நிறுவனத்திலிருந்து கிளேர் வீக்ஸ் வந்தார். மான்குட்டியின் கதையான 'பாம்பி' (1942) படத்தில் பணியாற்றியவர் அவர். அப்படத்துக்காக டிஸ்னி கலைஞர்கள் உயிருள்ள மான்களைக் கூடத்துக்கே வரவழைத்து, எலும்பும் தசையும் இயங்கும் விதத்தைப் பார்த்துப் பயின்றார்கள். வீக்ஸின் வழிகாட்டலில் மும்பைப் பிரிவு உருவாக்கிய படம் 'ஆலமர மான்' (1957). கருவுற்ற பெண்மானின் உயிருக்கு ஈடாகத் தன்னையே வெட்டுமேடையில் கிடத்திய மானரசனைப் பற்றிய புத்த சாதகக் கதை அது. கதை நம்முடையது, மானின் துள்ளலோ இன்னும் 'பாம்பி'யின் காட்டிலேயே இருந்தது என்று சொல்லுமளவுக்கு அதில் டிஸ்னியின் சாயல் தெரியும். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. கற்கும் கை முதலில் ஆசானின் கையைப் போலத்தான் இயங்கும். அங்கேயே நின்றுவிடுகிறதா, மேலே போகிறதா என்பதே கேள்வி.

ராம் மோகன் மேலே சென்றார். 1960-களின் இறுதியில் அரசுப் பணியிலிருந்து விலகி, பிரசாத் புரொடக்ஷன்ஸின் அசைவூட்டப் பிரிவில் பணியாற்றினார். 1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 'யூ செட் இட்' (1972), 'ஃபயர் கேம்ஸ்' (1983) ஆகிய படங்கள் தேசிய விருது பெற்றன. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) படத்தில் இடம்பெற்ற சித்திரப் பகுதி அவர் கைவண்ணம். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி நம் அரசுகளை விழுங்கிய வரலாற்றைச் சொல்லும் பகுதியும் அவருடையதே. அங்கே டல்ஹௌசி பிரபுவுக்கு ஒவ்வோர் அரசும் ஒரு செர்ரிப் பழம். நூற்கணக்கான பக்கங்களில் விரியும் நாடு பிடித்த கதையைச் சில நிமிடங்களில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, சிரித்து முடித்ததும் நெஞ்சில் தைக்கவைக்கிறது அப்பகுதி. நாளிதழின் கருத்துப்படத்துக்குக் கால்முளைத்த இடம் என்று அதைச் சொல்லலாம்.

அவருடைய கேள்வி கடும் சோதனைக்குள்ளானது ஜப்பானில். யூகோ சாகோ இராமாயணத்தை முழுநீளக் கார்ட்டூன் படமாக்க முனைந்தபோது, இதிகாசத்தைக் கேலிச்சித்திரமாக்குவதா, அதையும் அயல்நாட்டார் செய்வதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. படம் பெரும்பகுதி ஜப்பானிலேயே உருவாயிற்று. சாகோ, கோயிச்சி சசாகி ஆகியோருடன் ராம் மோகனும் அதன் இயக்குநர். இருநாட்டுக் கலைஞர் ஏறத்தாழ 450 பேர் உழைத்தனர். வேட்டியை எப்படி உடுத்துவது, பெரியவர் காலில் விழுந்து பிள்ளைகள் ஆசி பெறுவது எப்படி என்பவற்றை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியருக்கு விளக்கிக் காட்டினார்கள். வேட்டியின் மடிப்பு நடைக்கு நடை எப்படி அசையும் என்பதை எந்த அயல்நாட்டுப் பாடநூலும் சொல்லாது. 1956-இல் மாணவராக அமர்ந்தவர் இங்கே ஆசானாக நிற்கிறார். 1992-இல் முடிவுற்ற அப்படம் 2025 சனவரியில்தான் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக வெளியாயிற்று. சாகோவும் ராம் மோகனும் அதைக் காண இல்லை.

எனினும் அவருடைய ஆகப்பெரிய படைப்பு எதுவென்று கேட்டால், ஒரு சிறுமியைத்தான் காட்டத் தோன்றுகிறது. 1991 முதல் 2000 வரையிலான பத்தாண்டுகளைச் சார்க் நாடுகள் பெண்குழந்தைகளுக்கென அறிவித்திருந்த காலம். அப்போது யூனிசெஃப் அமைப்புக்காக அவர் வடிவமைத்தவள் மீனா. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நான்கு நாட்டுச் சிற்றூர்களும் அவளைத் தம் வீட்டுப் பெண் என்று ஏற்க வேண்டும். எந்த உடையை அணிவித்தாலும் அது ஏதோ ஒரு நாட்டையோ மதத்தையோ சுட்டிவிடும். ஊர்மக்களிடம் படங்களைக் காட்டி, கருத்துக் கேட்டு, திருத்தித் திருத்தி உருவானவள் அவள். முதற்பகுதி 1993-இல் வெளிவந்தது. பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, தன் கிளி மிட்டுவை வகுப்பறைச் சன்னலுக்கு அனுப்பி, அது கேட்டுவந்து சொல்லும் எண்களைக் கற்றுக்கொள்கிறாள். கோழிகளை எண்ணித் திருட்டைக் கண்டுபிடிக்கிறாள். இன்னொரு பகுதியில், மாம்பழத்தின் பெரும்பங்கு அண்ணன்தம்பிக்கே என்னும் வழக்கத்தை, ஒருநாள் வேலையை மாற்றிச் செய்து பார்ப்பதன் மூலம் புரட்டிப்போடுகிறாள். தொடக்கப் பகுதிகள் மணிலாவில், அமெரிக்க நிறுவனமொன்றின் கூடத்தில் உருவாயின. பிற்பகுதிகள் மும்பையில் ராம் மோகனின் கூடத்துக்கே வந்தன. இந்தப் பெயர்ச்சி இடமாற்றம் மட்டுமன்று. தண்ணீர்க்குடம் சுமக்கும் சிறுமியின் இடுப்பு எப்படி வளையும் என்பதை அறிந்த கைகளிடம் அவள் வந்து சேர்ந்தாள்.

1990-களின் பிற்பகுதியில், வெளிநாட்டு நிறுவனங்களின் படங்களுக்கு இங்கே கூலிக்கு வரைந்துகொடுக்கும் தொழில் பெருகிற்று. கைகள் பல கிடைத்தன. அவை சொன்ன கதைகளோ பிறருடையவை. அத்தகைய காலத்தில், 2006-இல், தம் எழுபத்தைந்தாம் வயதில் மும்பையில் ஓர் அசைவூட்டப் பள்ளியைத் தொடங்கினார் ராம் மோகன். 2014-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2019 அக்டோபர் 11-ஆம் நாள் மறைந்தார். அவர் பயின்ற பிலிம்ஸ் டிவிஷனும் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

கூடம் போனாலும் பாடம் நிற்கிறது. அந்நியர் தந்த கருவியை வெறுத்து ஒதுக்குவதும், அதன் சாயலிலேயே காலந்தள்ளுவதும் எளிது. கற்றதை முழுதாகக் கற்று, பின்பு அதைத் தன் மண்ணின் நடைக்கு வளைப்பதே அரிது. வேற்றுமொழிக் கவிதை வடிவங்களைத் தமிழின் மூச்சுக்குப் பழக்கியெடுக்கும் பாட்டை நம் கவிஞர்கள் நன்கறிவர். பத்தாண்டுகளாக ஒருவர் வரியை ஒருவர் திருத்திப் பயின்றுவரும் நம் வட்டத்துக்கு, 7,200 சித்திரங்களில் ஒன்றுக்கும் தனியே கையொப்பமிடாமல் மாணவர்களின் கைகளில் வாழும் இந்த ஆசான் அயலார் அல்லர்.