சொல்லும் சதுர அடியும்

2022 ஆகஸ்ட் 21ஆம் தேதி சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், தமது தேசிய தினப் பேரணி உரையில் 377ஏ பிரிவை நீக்கப்போவதாக அறிவித்தார். ஆணும் ஆணும் உறவு கொண்டால் 2 ஆண்டுவரை சிறை என்று 1938இல் ஆங்கிலேயர் எழுதிவைத்த பிரிவு அது. உரை வழக்கம்போல மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் நடந்தது. அதே ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தன் அரசிதழில் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. பால்புதுமையரை (எல்ஜிபிடிக்யூ) எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்.

ஒரு தமிழூரில் சட்டம் போகிறது, இன்னொரு தமிழூரில் சொல் வருகிறது. ஒரே மாதத்தில் நடந்தது தற்செயல்தான். ஆனாலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தற்செயல் நிறையச் சொல்லும்.

சிங்கப்பூர்ப் பையனுக்கு வயது 23 என்று வைத்துக்கொள்வோம். தேசிய சேவை முடித்தாயிற்று, பல்கலைக்கழகம் போகிறான். சிராங்கூன் சாலையில் அம்மாவுக்குக் கனகாம்பரமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறுகிறான். கட்டைவிரல் இரண்டு உலகங்களுக்கு நடுவே தாவுகிறது. ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழு: பிள்ளையார் படத்துடன் காலை வணக்கம், அத்தை மகளின் நிச்சயதார்த்தம், “அடுத்து நீதான்டா” என்ற மாமாவின் கேலி. அங்கே தமிழ். இன்னொன்று முகம் காட்டாத இன்ஸ்டாகிராம் கணக்கு. யாரைப் பிடித்திருக்கிறது, யார் மனதை உடைத்தார், ‘இந்தியர் வேண்டாம்’ என்று சந்திப்புச் செயலியில் எவன் எழுதிவைத்திருந்தான் என்பதெல்லாம் அங்கே. அது முழுக்க ஆங்கிலம்.

இந்த மொழிப் பிரிவினை சும்மா வந்ததல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பள்ளியில் தமிழ் ஒரு பாடம். கட்டுரையில் திருவிழாவும் நல்லொழுக்கமும் வரும், ஆசை வராது. அதனால் “ஐ ஆம் கே” என்று தோழியிடம் மூன்று சொல்லில் முடிக்கிறவனுக்கு, பாட்டியிடம் சொல்ல வாய் எழுவதில்லை. “எனக்குப் பொண்ணுங்கள பிடிக்காது பாட்டி” என்று தொடங்கினால், “சின்னப் பிள்ளையில உன் அப்பாவும் அப்படித்தான் சொன்னான்” என்று பாட்டி முடித்துவிடுவார்.

சென்னைப் பையனின் கைப்பேசியில் பிரச்சினை வேறு. அவன் தமிழிலேயே திட்டுவான், தமிழிலேயே கெஞ்சுவான், தமிழிலேயே கவிதை எழுதி நம்மைச் சோதிப்பான். தன்பாலீர்ப்பு, திருநம்பி, பால்புதுமையர் என்ற சொற்கள் அவனுக்குப் பழக்கம். அவற்றுக்கு அரசின் முத்திரையை ஒரு நீதிமன்றமே கேட்டு வாங்கித் தந்தது என்பதுதான் சுவாரசியம். மதுரையிலிருந்து ஓடிவந்து சென்னையில் தஞ்சம் புகுந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோரும் காவல்துறையும் தங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக வந்ததுதான் சொற்பட்டியல். பட்டியலில் எல்லாச் சொல்லும் நாக்கில் உருளுகிறது என்று சொல்ல மாட்டேன்; சில, அரசு அலுவலகப் பலகைபோல விறைப்பாக நிற்கின்றன. இருந்தாலும் வசைச்சொல்லை மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு விறைப்பான சொல்கூட ஒரு நாற்காலிதான். உட்காரலாம்.

ஆனால் எங்கே போய் உட்காருவது? இங்கேதான் சதுர அடிக் கணக்கு வருகிறது. சென்னையில் இரண்டு ஆண்கள் ஓர் அறையில் தங்குவதைப் பற்றி யாரும் இரண்டாவது முறை யோசிப்பதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அப்படித்தானே தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன? ஆணும் பெண்ணும் போய் வாடகைக்குக் கேட்டால் தாலியைத் தேடும் வீட்டுக்காரர், இரண்டு பையன்களைப் பார்த்தால் அட்வான்ஸை மட்டும் தேடுவார். அந்த மறைவு நிலைக்காது. வயது 30 தாண்டினால் ஊரிலிருந்து ஜாதகம் வந்துவிடும். செயலியில் பழகி நேரில் வரவழைத்து, வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களும் உண்டு.

சிங்கப்பூரில் வீடு என்பது சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. மணமாகாதவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். மணம் என்றால் ஆணும் பெண்ணும்தான். நிச்சயம் செய்துகொண்ட ஜோடி இருபதுகளிலேயே வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இவன் அதுவரை அப்பா அம்மாவோடு, தம்பியோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்டு. 35க்குப் பிறகு தனியர்கள் சேர்ந்து வாங்கலாம் என்பதால், இரண்டு பேரும் அந்த வயதைத் தாண்டும்வரை ஜோடி காத்திருக்கும். ஆகவே அவனுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரே அறை கைப்பேசிதான். இளசுகள் எந்நேரமும் அதைத் தேய்க்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

377ஏ சட்டம் போனதா என்றால் போனது. 2022 நவம்பர் 29இல் நாடாளுமன்றம் நீக்க மசோதாவை நிறைவேற்ற, நீக்கம் 2023 ஜனவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பர் 29 அன்றே நாடாளுமன்றம் அரசியலமைப்பில் ஒரு புதிய பிரிவையும் சேர்த்தது: திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாட இடமில்லாமல் செய்யும் பிரிவு. ஒரு கதவைத் திறந்து அடுத்த கதவுக்குப் பூட்டுப் போட்டாற்போல. இந்தியாவில் கதவு 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது திறந்தது. நான்கே நாளில், செப்டம்பர் 10 அன்று, சிங்கப்பூரில் 377ஏவை எதிர்த்து ஒரு மனு தாக்கலானது. அதற்கு முன்பே, 2010இல், அந்தப் பிரிவை நீதிமன்றத்துக்கு இழுத்த வழக்கறிஞர் எம். ரவி ஒரு சிங்கப்பூர்த் தமிழர். திருமணம் மட்டும் இந்தியாவிலும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அதை நாடாளுமன்றத்தின் கையில் விட்டுவிட்டது.

கூடும் முறையிலும் வித்தியாசம் தெரிகிறது. இரண்டு ஊரும் 2009இல்தான் தொடங்கின. சென்னையில் வானவில் பேரணி. தாரை தப்பட்டையோடு தெருவில் நடப்பார்கள், வேடிக்கை பார்க்கும் ஆட்டோக்காரருக்குத் துண்டுப்பிரசுரம் போகும். சிங்கப்பூரில் பிங்க் டாட். ஹொங் லிம் பூங்காவுக்குள் இளஞ்சிவப்புச் சட்டையோடு நிற்பார்கள். 2017 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவனும் அப்படிப்பட்டவனாக இருந்தால்? ஊர்ச்சொல் எல்லாம் அவனிடம் இருக்கும். பூங்காவில் கால் வைக்க முடியாது, விடுதி அறையில் தனிமை கிடையாது. சொல் இருந்தும் இடமில்லாமை மொத்தமும் அவன் ஒருவன் தலையில்.

இதை எழுதும்போது தேக்காவை ஒட்டியிருக்கும் இன்னொரு கட்டடம் நினைவுக்கு வருகிறது: பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, நம் வாயில் கேகே. சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை 1971இல் அங்கேதான் நடந்தது. செய்தவர் எஸ்.எஸ். ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழ் மருத்துவர். 1973 முதல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. தமிழ்நாடு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது 2008இல். கத்தியைத் தமிழ்க் கை பிடித்து 37 ஆண்டுகள் கழித்து! அத்தனை காலமும் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தமிழ்த் தாய், தன் பிள்ளையை அக்கம்பக்கத்தில் என்ன சொல்லி அழைத்திருப்பார்? அன்று தமிழில் புழங்கியது பெரும்பாலும் வசவு.

சொல், வீடு இரண்டில் எது முந்தி வேண்டும் என்று என்னைக் கேட்டால், வீடு என்றே நான் சொல்வேன்; பசித்தவனிடம் அகராதியை நீட்டக் கூடாது. ஆனால் வீவக விதியை மாற்றுவது அரசாங்கம். சொல்லை இங்கே கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது, செலவும் இல்லை. சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழா மாதம்; பட்டிமன்றமும் கவியரங்கமும் வரிசைகட்டும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். விழாக்குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஏப்ரலில் ஒரே ஒரு மாலை, அந்த அரசிதழ்ப் பட்டியலை மேசைமேல் வைத்துப் பேசுங்கள். பாட்டிகளையும் கூப்பிடுங்கள்.