வட்டத்துக்கு மட்டும்

மெக்கானிக்கலோ சிவிலோ படித்த யாரையாவது நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டுப் பாருங்கள். 'டி பை ஜே ஈக்வல்ஸ் டௌ பை ஆர் ஈக்வல்ஸ் ஜி தீட்டா பை எல்' என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார்கள். முறுக்கப்படும் தண்டுக்கான சூத்திரம் அது. எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு திரும்பும், உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு தகைவு வரும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

பாடப்புத்தகத்தில் சூத்திரத்துக்கு மேலே ஒரு பட்டியல் இருக்கும். தலைப்பு 'அனுமானங்கள்'. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக வரும், அதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள்: தண்டின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும், முறுக்கிய பிறகும் குறுக்குவெட்டு தட்டையாகவே இருக்கும். ஏதோ சம்பிரதாயத்துக்குப் போட்ட வரிகள் மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று முழுதாகப் புரிய 69 வருடம் பிடித்தது.

முதலில் சூத்திரம் சொல்வதைப் பார்த்துவிடலாம். ஒரே அளவு நாணயங்களை அடுக்கி ஒரு தூண் செய்துகொள்ளுங்கள். அடியிலுள்ள நாணயத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாணயத்தையும் தனக்குக் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக்கொண்டே போனால் தூண் முறுக்கிக்கொள்ளும். நாணயத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளிம்புதான் அதிகம் நகர்கிறது. இரும்புத் தண்டுக்குள்ளும் இதே கதைதான். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கின்றன, இரும்பு விடமாட்டேன் என்கிறது. அந்த இழுபறிதான் தகைவு. நடுவில் பூஜ்யம், வெளியே போகப்போக நேர்விகிதத்தில் கூடி விளிம்பில் உச்சம்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. நடுப்பகுதி பெரிதாக வேலை செய்வதில்லை என்பதால் அதைத் தோண்டி எடுத்துவிடலாம். பாதி விட்டத்துக்கு உள்ளே குடைந்தால் எடையில் கால்வாசி போய்விடும், வலிமையில் போவது பதினாறில் ஒரு பங்குதான். லாரிக்கு அடியில் சுழலும் நீளத் தண்டு குழாயாக இருப்பது இதனால்தான்.

சூத்திரத்தின் மூலவர் சார்ல்ஸ் கூலோம். மின்விசை விதிக்காக நாம் அறிந்த அதே கூலோம். படிப்பால் ராணுவப் பொறியாளர். கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் எட்டு வருடம் கோட்டை கட்டி, உடம்பைக் கெடுத்துக்கொண்டு பிரான்ஸ் திரும்பியவர். காந்த ஊசியை மெல்லிய இழையில் தொங்கவிடும் ஒரு போட்டிக்காக 1777-இல் இழைகளின் முறுக்கை ஆராயத் தொடங்கினார். பிறகு உலோகக் கம்பிகளுக்கு வந்தார். கம்பியில் ஓர் உருளை எடையைத் தொங்கவிட்டு, திருப்பிவிட்டு, அது இப்படியும் அப்படியுமாகச் சுழன்று ஆடும் நேரத்தை அளந்தார். 1784-இல் முடிவைச் சொன்னார்: கம்பி எதிர்க்கும் முறுக்கு, திருப்பிய கோணத்துக்கு நேர்விகிதம், நீளத்துக்குத் தலைகீழ் விகிதம், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம்.

அந்த நான்கு எங்கிருந்து வருகிறது? தண்டு பருமனானால் பரப்பு ஆரத்தின் இரண்டாம் அடுக்கில் கூடுகிறது. விளிம்பு அதிகம் நகர்வதால் ஒரு ஆரம். அந்த விசை மையத்திலிருந்து தள்ளி நின்று நெம்புவதால் இன்னொரு ஆரம். ஆக நான்கு. விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு. அதையே திருப்பிப் போடுங்கள்: விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் விறைப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மெல்லிய கம்பி மிகச் சின்ன விசைக்கும் திரும்பிக்கொடுக்கும், எவ்வளவு திரும்பியது என்று பார்த்தே விசையைச் சொல்லிவிடலாம். 1785-இல் கூலோம் மின்விசையை அளந்தது இப்படித்தான். 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் இதே வகைத் தராசில் ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை அளந்து, பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்றார். இன்றைய கணக்கு 5.51.

இவ்வளவு வெற்றி பெற்ற சூத்திரத்தை யார்தான் வட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்? நாணயத்துக்குப் பதில் சதுர அட்டைகளை அடுக்குங்கள். அதே மாதிரி திருப்புங்கள். அதிகம் நகர்வது மூலைகள். அப்படியானால் சதுரக் கம்பியில் தகைவு உச்சமாவது மூலையில். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? குளோத் லூயி நேவியேவுக்கும் அப்படித்தான் பட்டது. கட்டுமானப் பொறியியலைக் கணித அடிப்படையில் நிறுத்தியவர்களில் முதல் வரிசை ஆள் அவர். 1826-இல் வெளிவந்த அவருடைய பாடநூலில், செவ்வகத் தண்டின் குறுக்குவெட்டும் முறுக்கியபின் தட்டையாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

உண்மையோ நேர் எதிர். சதுரத் தண்டின் மூலையில் தகைவு பூஜ்யம். உச்சம் வருவது பக்கங்களின் நடுவில், அதாவது மையத்துக்கு மிக அருகே இருக்கும் வெளிப்புள்ளியில்.

நம்பக் கஷ்டம்தான். ஒரு நீளமான சதுர ரப்பரின் பக்கங்களில் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு முறுக்கிப் பாருங்கள். பக்கத்தின் நடுவிலுள்ள கட்டங்கள் சாய்ந்துபோகும். மூலையை ஒட்டியவை ஏறக்குறையச் செங்கோணம் மாறாமல் இருக்கும். காரணம் எளிது. உள்ளே சறுக்கும் தகைவு எப்போதும் ஜோடியாகத்தான் வரும்: குறுக்குவெட்டில் ஒன்று இருந்தால், அதற்குச் செங்குத்தான பரப்பில் அதே அளவு இன்னொன்று இருந்தாக வேண்டும். ஆனால் தண்டின் வெளிப்பரப்பை யாரும் தேய்த்து இழுக்கவில்லை, அங்கே ஜோடி கிடையாது. மூலையில் இரண்டு வெளிப்பரப்புகள் சந்திக்கின்றன. இரண்டு திசையிலும் ஜோடி இல்லாததால் தகைவும் இல்லை. அதற்கு இடம்கொடுக்க, குறுக்குவெட்டு தட்டையாக இருக்க முடியாமல் மேடும் பள்ளமுமாக நெளிகிறது.

வட்டம் மட்டும் ஏன் நெளிவதில்லை? வட்டத்தில் ஒரு புள்ளி மேலே எழும்பினால் அதே வளையத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் எழும்பியாக வேண்டும், எதற்கும் தனிச் சலுகை இல்லை. இப்போது தண்டைத் தலைகீழாக்குங்கள். போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் மரை அதே திசையில்தான் ஓடும் அல்லவா, முறுக்கும் அப்படியே. நிலைமை துளியும் மாறவில்லை, ஆனால் எழும்பியது இப்போது அமுங்கியதாக இருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க ஒரே வழி, எதுவுமே எழும்பாமல் இருப்பது. அதாவது சூத்திரம் சரியாக வந்தது இரும்பின் குணத்தால் இல்லை, வட்டத்தின் தயவால்.

தப்பு எவ்வளவு? சதுரத் தண்டின் உண்மை விறைப்பு, பழைய கணக்கில் சுமார் 84 சதவீதம். உச்சத் தகைவு பழைய கணக்கைவிடச் சுமார் 13 சதவீதம் அதிகம். இதைக்கூடச் சமாளித்துவிடலாம். அகலம் கனத்தைப்போலப் பத்து மடங்கு உள்ள பட்டையை எடுத்துக்கொண்டால், பழைய கணக்கு விறைப்பை 27 மடங்கு ஊதிச் சொல்கிறது. அதை நம்பி எதையாவது கட்டினால் என்ன ஆகும்?

அறிகுறிகள் முன்பே இருந்தன. 1820-இலேயே துலோ என்ற பொறியாளர் தேனிரும்புக் கம்பிகளைச் சோதித்திருந்தார். வட்டக் கம்பிகள் கணக்குக்கு அடங்கின, சதுரக் கம்பிகள் அடங்கவில்லை. அடுத்த பத்தாண்டில் கோஷி, செவ்வகக் குறுக்குவெட்டு நெளியும் என்று காட்டி, தோராயமான தீர்வும் கொடுத்தார். முழுத் தீர்வைக் கொடுத்தவர் அதேமர் பாரே த சான் வெனான்.

1813-இல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. அடுத்த வருடம் எதிரிப் படைகள் பாரிஸை நெருங்க, மாணவர்களைப் பீரங்கிப் படையில் நிறுத்தினார்கள். நெப்போலியன் அரியணையை அபகரித்தவன், அவனுக்காகப் போரிட என் மனசாட்சி இடம்கொடுக்காது என்று இந்தப் பையன் வரிசையிலிருந்து விலகி நின்றான். கல்லூரியை விட்டு வெளியேற்றினார்கள். பிறகு பல வருடம் வெடிமருந்துத் துறையில் வேலை. 1823-இல் பாலங்கள், சாலைகளுக்கான பொறியியல் பள்ளியில் சேர அனுமதி கிடைத்தது. பழைய கதை கூடவே வந்தது. இரண்டு வருடமும் சக மாணவர்கள் அவரோடு பேசவில்லை, பக்கத்தில் உட்காரவில்லை. தனியாக இருந்து படித்து முதலாவதாகத் தேறினார். அங்கே மெக்கானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர் நேவியே.

1853 ஜூனில் அவர் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் முறுக்கு பற்றிய ஆய்வை முன்வைத்தார். எல்லாமே தெரியாது என்று அவர் தொடங்கவில்லை, எல்லாமே தெரியும் என்றும் தொடங்கவில்லை. குறுக்குவெட்டுகள் ஒன்றுக்கொன்று திரும்புகின்றன, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். எப்படி நெளிகின்றன என்பதை மட்டும் சமன்பாடே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். சதுரம், செவ்வகம், நீள்வட்டம், முக்கோணம் என்று ஒவ்வொன்றுக்கும் விடை வந்தது. வட்டத்தைப் போட்டால் நெளிவு பூஜ்யம் என்று வந்தது. பழைய சூத்திரம் அழியவில்லை, பெரிய விடையின் ஒரு மூலையில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 1903-இல் லுட்விக் பிராண்ட்ல் இதே கணக்கைக் கண்ணுக்குத் தெரிய வைத்தார். தண்டின் வடிவத்தில் ஒரு துளை வெட்டி, அதன்மேல் சோப்புப் படலத்தை மெல்ல உப்ப வைத்தால், படலம் எங்கே செங்குத்தாகச் சரிகிறதோ அங்கே தகைவு அதிகம். சதுரத் துளையின் மூலையில் படலம் சரியாமல் படுத்துக் கிடக்கும்.

நேவியே 1836-இல் காலமாகிவிட்டார். தன் பிழை திருத்தப்பட்டதை அவர் பார்க்கவில்லை. சான் வெனான் நினைத்திருந்தால் புதிய பாடநூல் எழுதிப் பழையதை ஓரங்கட்டியிருக்கலாம். யாரும் பேசாத வகுப்பில் உட்கார்ந்து படித்தவருக்கு அந்தப் பள்ளியின் புத்தகத்தின்மேல் என்ன கடமை? ஆனால் 1864-இல் அவர் நேவியேவின் அதே நூலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார், தன் குறிப்புகளைச் சேர்த்து. குறிப்புகள் பெருகிப் பெருகி, அந்தப் பதிப்பில் நேவியேவின் மூலம் பத்தில் ஒரு பங்குதான் தேறியது. அட்டையில் இருந்தது நேவியேவின் பாடங்கள் என்றுதான்.

நம் பாடப்புத்தகத்தின் 'அனுமானங்கள்' பட்டியல் அந்தக் குறிப்புகளின் சுருக்கம். இரண்டு மார்க்.