டாம் வீதிக்கு வந்த லேடீஸ் சைக்கிள்

1895இன் தொடக்கத்தில், பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து கிழக்கே புறப்பட்ட 'சிட்னி' என்ற நீராவிக் கப்பலில் ஒரு சைக்கிளும் அதன் சொந்தக்காரியும் வந்தார்கள். அவர் பெயர் அனி லண்டண்டெரி. மூன்று பிள்ளைகளின் தாய். சைக்கிளில் உலகைச் சுற்றப்போவதாகச் சொல்லி பொஸ்டனிலிருந்து கிளம்பியவர். சுற்றியதில் பெரும்பங்கு கப்பலில்தான் என்பது வேறு கதை. அலெக்சாந்திரியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அவர் தொட்ட துறைமுகங்களில் ஒன்று நம்முடைய கொழும்பு.

1894 ஜூனில் பொஸ்டனை விட்டபோது அவர் நீளப் பாவாடையோடு, பார் தாழ்ந்த கொலம்பியா லேடீஸ் சைக்கிளில்தான் ஏறினார். ஏறக்குறைய 19 கிலோ. சிக்காகோ போய்ச் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அங்கே அதைக் கைவிட்டு, அதில் பாதி எடையுள்ள ஸ்டெர்லிங் ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார், பாவாடையும் காற்சட்டையானது. ஆக, அவரோடு கொழும்புக்கு வந்தது பார் கிடையாக இருக்கும் சைக்கிள்.

கனம் லேடீஸ் சைக்கிளின் பிறவிக் குறை. ஆண்கள் சைக்கிளின் சட்டம் இரண்டு முக்கோணங்கள். முக்கோணம் லேசில் நெளியாது. மேல் பாரைக் கீழே இறக்கினால் பாரமெல்லாம் சீற்றுக்குக் கீழே ஓரிடத்தில் வந்து விழும். அதைத் தாங்கக் குழாயைத் தடிப்பாகப் போடவேண்டும். லண்டனில் டெனிஸ் ஜோன்சன் 1819இல், பெடலே இல்லாத காலத்திலேயே, பெண்களுக்கென்று நடுக்கட்டை தாழ்ந்த வண்டி செய்தார். 1885இல் கொவென்ட்ரியில் ஸ்டார்லியின் 'ரோவர்' வந்து, சில ஆண்டுகளுக்குள் லேடீஸ் சைக்கிளும் வந்தது: செயினுக்கு மூடி, பாவாடை சிக்காமல் பின்சக்கரத்துக்கு நூல்வலை. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது சாறிக் காட்.

இன்றைக்குக் கடையில் 'லேடீஸ் மவுண்டன்' என்று நிற்கும் சைக்கிளுக்கு இது தாய்வழி. தந்தைவழி கலிபோர்னியா. 1970களில் மரின் கவுண்டி இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில், தடித்த ரயரோடு, டமல்பயஸ் மலைச் சரிவில் பாய்ந்து இறங்கினார்கள். ஒரே இறக்கத்தில் பிரேக் கிரீஸ் எரிந்துபோகும். திரும்பத் திரும்ப அடைக்கவேண்டும். அதனாலேயே 1976இல் அவர்கள் தொடங்கிய இறக்கப் போட்டிக்கு 'ரீபக்' (மீண்டும் அடைத்தல்) என்று பெயர். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் அதற்கென்றே சட்டம் செய்தார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மவுண்டன் சைக்கிள் கடைக்கு வந்தது.

வெள்ளவத்தையில் இருக்கும் பலருக்கு லேடீஸ் சைக்கிள் என்றால் யாழ்ப்பாணம்தான். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளும் சாறி கட்டிய ரீச்சர்மாரும் ஓடிய, பாணந்துறையில் தயாரான லுமாலா. 1990க்குப் பிறகு போரால் அங்கே பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வீடே குந்தியிருந்து றேடியோச் செய்தி கேட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது அரிசி மூட்டையும் அம்மம்மாவும் போனது சைக்கிள் கரியரில். அங்கிருந்து கொழும்பு வந்து தொடர்மாடி வீடுகளில் குடியேறியவர்கள் சைக்கிளை மறந்தார்கள். காலி வீதியைப் பார்த்தால் யாருக்குத்தான் ஓட மனம் வரும்!

மறந்ததை 2022 நினைவுபடுத்தியது. ஜூன் 26இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். மறுநாள் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு விற்பனையே நிறுத்தம். டாம் வீதி சைக்கிள் கடைகளில் சனம் முண்டியடித்தது. விலையும் ஏறியது. அப்போது வாங்கிய பலவற்றை இப்போது பிளாட்டின் கீழ்த்தளத்தில் பார்க்கலாம்: முன்னால் ஸ்பிரிங், 21 கியர், கட்டை கட்டையான ரயர், அதன் மேல் துரு.

வெள்ளவத்தையில் கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு ரயில் பாதையும் மரீன் டிரைவும்தான். உப்புக்காற்று முதலில் தின்பது செயினையும் கம்பிகளையும். பிறகு மலிவான முன் ஸ்பிரிங்குக்குள் இறங்கி அதை இறுக்கிவிடும். கனம் மட்டும் மிஞ்சும். மரீன் டிரைவில் பின்னேரம் ஓடுபவருக்கு அந்த ஸ்பிரிங்கால் ஒரு பயனும் இல்லை. முன்னால் மூன்று பல்சக்கரமும் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியாள் தேவாலயப் பக்கம் ஏறுவதற்குப் பின்னாலுள்ள ஏழு கியரே தாராளம். கட்டை ரயர் தார் றோட்டில் முனகும். பள்ளம் குழிக்குத் தடித்த ரயர் நல்லது, ஆனால் நடுப்பகுதி வழவழப்பாக இருக்கட்டும்.

தாழ்ந்த பார் மட்டும் கட்டாயம் வேண்டும். கரியரில் மரக்கறிப் பை இருக்கும்போது காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. முச்சக்கர வண்டி சடாரென்று குறுக்கே நின்றால் உடனே இரண்டு காலையும் நிலத்தில் ஊன்ற வேண்டும். முழங்கால் நோகிறவர், சாரம் கட்டியவர், வேட்டியோடு கோயிலுக்குப் போகிறவர் எல்லோருக்கும் இதுதான் வசதி. இதைப் 'பொம்பிளையள் சைக்கிள்' என்று ஒதுக்குகிற ஆண்களுக்கு வீம்பைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடையில் ஏறி இருந்து பாருங்கள். கீழே நிற்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும்; இல்லாவிட்டால் சீற்றை உயர்த்தச் சொல்லுங்கள். கையால் தூக்கியும் பாருங்கள், லிஃப்ட் எல்லா நாளும் வேலை செய்யாது. அலுமினியச் சட்டம், முன் ஸ்பிரிங் இல்லாதது, ஏழு கியர், மட்காட், கரியர்: இவ்வளவு போதும். மிச்சக் காசுக்கு நல்ல பூட்டும் பின்னால் ஒரு சிவப்பு லைற்றும் வாங்குங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்காரரின் கண்ணில் நீங்கள் படவேண்டும்.